புதுமண்டபத்துத் தையற்காரர்கள்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. ஆளைப் பற்றி எழுதியோர் பலர். ஆடையைப் பற்றி எழுதியோரும் உளர். ஆளையும் ஆடையையும் பொருத்தி வைக்கும் தையற்காரரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. தையற்காரர் ஒருவரின் மகள் என்ற உரிமையில் அக்குறையைச் சிறிதளவேனும் போக்க முயல்கிறேன்.

நான் இன்று குடியிருப்பது ராஜகீழ்ப்பாக்கம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டியதும் வரும் ஊர். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது மதுரையில். கல்லூரியில் சேர்ந்த புதிதில் "சொந்த ஊர் எது?" என்று கேட்ட தோழியரிடம் "மதுரை" என்பேன். "மதுரையில் எங்கே?" என்றால் "எழுகடல் தெருப் பக்கம்" என்பேன். "அப்பா என்ன செய்கிறார்?" என்ற அடுத்த வினா வருமுன் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த வெட்கம் எப்படித் தீர்ந்தது என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். முதலில் அந்தத் தெருவைச் சொல்ல வேண்டும்.

எழுகடல் தெரு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே இருப்பது புதுமண்டபம். அதற்கும் கிழக்கே, கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன இராயகோபுரம். இவற்றை அடுத்துள்ளது எழுகடல் தெரு. தடாதகைப் பிராட்டியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்பினாள் என்றும், அவள் பொருட்டுச் சிவபெருமான் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைத்தார் என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். அந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தெரு அது.

அத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஆறு குடும்பங்கள் இருந்த ஒரு வளவில் எங்கள் வீடு. வாசலில் இறங்கி நூறு எட்டு வைத்தால் புதுமண்டபம். கோயில் மணியோசை கேட்டு எழுந்தோம் என்று மதுரைக்காரர் பலர் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது, காலையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, பத்து மணிக்கெல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும் தையல் எந்திரங்களின் ஓசைதான்.

மண்டபமும் எந்திரமும்

புதுமண்டபத்தைக் கட்டுவித்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659). வைகாசி மாதத்து வசந்த விழாவுக்காக எழுப்பப்பட்டதால் இதற்கு வசந்த மண்டபம் என்ற பெயரும் உண்டு. நீளம் சுமார் 333 அடி, அகலம் சுமார் 105 அடி. நூற்றுக்கும் மேற்பட்ட கல்தூண்கள். நடுவழியின் தூண்களில் நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகள் நிற்கின்றன. மீனாட்சி திருக்கல்யாணம், கல்யானை கரும்பு தின்ற கதை முதலியவற்றை இங்குக் கல்லில் காணலாம்.

"புது" என்ற பெயர் கொண்ட இம்மண்டபத்துக்கு ஏறத்தாழ நானூறு வயது. இதன் இருபுறத் தாழ்வாரங்களிலும் பல தலைமுறைகளாகக் கடைகள் இருந்தன. வளையல், குங்குமம், புத்தகம், பாத்திரம், துணி என எல்லாம் அங்கு கிடைக்கும். அவற்றுக்கிடையே, தூணுக்கு ஒருவராக அமர்ந்திருப்பர் தையற்காரர்கள். பின்னே கல் யாளி. முன்னே இரும்பு எந்திரம். வெளிநாட்டுப் பயணிகள் நின்று நின்று படமெடுத்த காட்சி அது. எங்கள் பெரியப்பாவும் அப்பாவும் அடுத்தடுத்த எந்திரங்களில் அமர்ந்து தைத்தவர்கள்.

துன்னகாரர்

தையல் அண்மைக் காலத்தில் அயலாரிடமிருந்து வந்த தொழில் என்று சிலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது "துன்னகாரர்" என்போரையும் குறிப்பிடுகிறார். துன்னம் என்றால் தையல். பொருநராற்றுப்படையில் வறுமையுற்ற பொருநனின் கந்தலாடைக்கும் துன்னம் போட்டிருந்தது. ஆயினும் நம் மக்கள் பெரிதும் உடுத்தியது தையலற்ற வேட்டியும் சேலையுமே என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். அண்ணல் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, இதே மதுரையின் மேலமாசி வீதியில்தான். "சட்டையைக் கழற்றுவதற்கும் நம்ம ஊருக்குத்தான் வந்திருக்கார் பாரு, தாயி" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். உலகம் போற்றும் அந்தத் துறவு நிகழ்ந்த ஊரிலேயே, சட்டை தைத்துப் பிழைத்த எங்களைப் போன்ற குடும்பங்கள் பல.

காஜாவில் தொடங்கிக் கத்தரி வரை

இத்தொழிலுக்கு அந்நாளில் பள்ளி இல்லை, பாடநூல் இல்லை. பக்கத்தில் அமர்வதுதான் படிப்பு. எட்டாம் வகுப்போடு நின்ற எங்கள் அப்பா பதினான்காம் வயதில் "காஜா பையன்" ஆகப் போய்ச் சேர்ந்தார். காஜா என்பது பொத்தான் நுழையும் துளை. அதன் விளிம்பை நூல் பிரியாதபடி நெருக்கமாகக் கையால் கட்டுவதற்குக் "காஜா எடுத்தல்" என்று பெயர்.

முதலாண்டில் வெட்டுத்துணி பொறுக்குவதும், தேநீர் வாங்கி வருவதும், கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவதுமே வேலை. பிறகு பொத்தான், காஜா, எம்மிங். அதன் பிறகே எந்திரம். அதுவும் நூல் இல்லாமல்! வெறுந்தாளில் கோடு போட்டு, அக்கோட்டின்மேல் ஊசித் துளைகள் நேராக விழும்வரை மிதிக்க வேண்டும். கோடு நேரானபின் கைலி மூட்டுவது, தலையணை உறை, பாவாடை. பல மாதங்கள் கழித்துச் சட்டை. கத்தரிக்கோல் கைக்கு வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அப்பாவுக்கு அது ஏழாம் ஆண்டில் வந்தது. "தையல் தப்பினால் பிரிக்கலாம், வெட்டுத் தப்பினால் என்ன செய்வாய்?" என்பது பெரியப்பா அவருக்குச் சொன்ன பாடம்.

விலங்கியல் பயிலும் தோழியருக்கு ஒரு செய்தி. நம் தொடையின் முன்புறம், இடுப்பிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை சாய்வாக ஓடும் தசைக்குச் சார்ட்டோரியஸ் என்று பெயர். மனித உடலின் மிக நீண்ட தசை அதுவே. சார்ட்டோர் என்றால் இலத்தீனில் தையற்காரர். சம்மணமிட்டு அமரும்போது தொழிற்படும் தசை அது. ஐரோப்பியத் தையற்காரர்களும் முற்காலத்தில் சம்மணமிட்டே தைத்ததால் அவர்கள் பெயரையே அதற்குச் சூட்டினர். உடற்கூற்று நூலில் இடம்பெற்ற கைத்தொழிலாளர் நாங்கள் என்று பெருமை கொள்ளலாம் அன்றோ!

அளவெடுத்தல்

சட்டைக்கு நீளம், தோள், கை, மார்பு, இடுப்பு, கழுத்து என்று அளவெடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்குலம் குறித்த அளவு நாடா பரவலாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதற்குமுன் மேலைநாட்டுத் தையற்காரர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நீண்ட தாள் கீற்றை வைத்துக்கொண்டு, அதில் வெட்டுக்குறி இட்டு அளவைப் பதிந்தனர். அந்தக் கீற்றில் எண் கிடையாது. ஓர் ஆளின் கீற்று இன்னோர் ஆளுக்கு உதவாது.

இக்காலத்தும் நாடாவில் அகப்படாத அளவுகள் உண்டு. கூன் விழுந்த முதுகு, முன்தள்ளிய வயிறு, ஒருபுறம் தாழ்ந்த தோள் ஆகியவற்றை எண்ணால் மட்டும் எழுதிவிட முடியாது. நாடா மேலே பட்டதும் எவரும் நெஞ்சை நிமிர்த்தி விறைத்துக்கொள்வர். அந்த அளவுக்குத் தைத்தால் மறுநாள் சட்டை பிடிக்கும். ஆகவே அப்பா முதலில் நாடாவை எடுப்பதில்லை. "எந்த ஊருண்ணே? பஸ்ஸுலயா வந்தீங்க?" என்று பேச்சுக் கொடுப்பார். ஆள் தன்னியல்பில் நிற்கத் தொடங்கிய பிறகே நாடா கழுத்திலிருந்து இறங்கும்.

அடுத்தது துணி. பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்த வேண்டும்; இல்லையேல் தைத்த பின் சுருங்கும். நெசவில் நெடுக ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூல் தறியில் இழுத்துக் கட்டப்பட்டது. ஆகையால் அதிகம் நெகிழாது. சட்டையின் நீளம் பாவு வழியே அமையும்படி வெட்டுவது இதனால்தான். சாய்வாக வெட்டிய துணி நெகிழும்; அதை வேண்டிய இடத்தில் மட்டுமே பயன்படுத்துவர்.

நல்ல தையற்காரர் தையலுக்கு உள்ளே சிறிது துணியை விட்டு வைப்பார். அதற்கு "உள் தையல்" என்போம். உடல் பெருத்தாலோ, பிள்ளை வளர்ந்தாலோ அதைப் பிரித்து விரித்துக்கொள்ளலாம். என் பள்ளிச் சீருடை ஒன்று மூன்றாண்டுகள் என்னோடு வளர்ந்தது இந்த உள் தையலால்தான்.

யார் யாருக்கோ தைத்தவை

புதுமண்டபத்துக்கு வரும் வெளிநாட்டார் காலையில் ஒரு பழைய சட்டையைக் கொடுத்து, கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் அதே போன்ற புதுச் சட்டையை வாங்கிச் செல்வர். பழைய சட்டையின் ஒரு தையலைக்கூடப் பிரிக்காமல், பாகம் பாகமாக விரித்து அளந்து படி எடுக்க வேண்டும். இது தனித் திறமை.

சித்திரை பிறந்துவிட்டால் வேலை வேறு வகை. அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழாவுக்காக, நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அழகர் வேடமிட்டுத் திரியேந்தியும் தண்ணீர் பீய்ச்சியும் வருவர். அவர்கள் அணியும் பளபளக்கும் உடுப்பும் குல்லாயும் புதுமண்டபத்தில் தைக்கப்பட்டவை. கோயில்களில் தொங்கும் துணித் தொம்பைகளும் சாமி குடைகளும் அங்கே உருவாயின. தைத்தவருள் பல சமயத்தாரும் இருந்தனர். அழகருக்கு உடுப்புத் தைத்த கை எந்தச் சமயத்துக் கை என்று எவரும் கேட்டதில்லை; தையல் நேராக இருக்கிறதா என்றே கேட்டனர்.

இலண்டனில் ஒரு தெரு

உலகின் புகழ்மிக்க தையல் தெரு எது என்று தேடியபோது இலண்டன் மாநகரின் சாவில் ரோவைப் பற்றிப் படித்தேன். பர்லிங்டன் பிரபுவின் நிலத்தில் 1730-களில் உருவான தெரு அது. அவர் மனைவியார் டாரதி சாவில் அம்மையாரின் பெயரால் வழங்குகிறது. 1806-இல் தொடங்கிய ஹென்றி பூல் நிறுவனம் 1846-இல் இத்தெருவில் வாயில் திறந்தது. பின்னர் இளவரசர்களும் மன்னர்களும் அங்கு வந்து நின்றனர். இந்திய மகாராஜாக்களும் அவருள் அடங்குவர். சப்பானிய மொழியில் கோட்டுச் சூட்டைக் குறிக்கும் "செபிரோ" என்னும் சொல் இத்தெருப் பெயரின் திரிபே என்று கருதுவோரும் உண்டு. இசைப் பிரியர்களுக்கு ஒரு துணைச் செய்தி: பீட்டில்ஸ் குழுவினர் 1969 சனவரி 30 அன்று மொட்டை மாடியில் பாடியது இத்தெருவின் 3-ஆம் எண் கட்டடத்தில்தான்.

ஆங்கிலத்தில் "பெஸ்போக்" என்று ஒரு சொல் உண்டு. ஒரு துணி இன்னாருக்கென்று பேசி வைக்கப்பட்டுவிட்டது என்பது அதன் அடிப்படைப் பொருள். அங்கு ஒரு சூட்டுக்குக் குறைந்தது ஐம்பது மணி நேரக் கைவேலை தேவை. வெட்டுபவர் ஒருவர், கோட்டுத் தைப்பவர் ஒருவர், காற்சட்டை தைப்பவர் ஒருவர். நிலவறையில் அமர்ந்து தைப்போரைச் சாலையில் நடப்போர் சன்னல் வழியே காணலாம்.

செல்வத்தில் அந்தத் தெருவுக்கும் எங்கள் மண்டபத்துக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டும் இயங்கிய முறை ஒன்றே. வெட்டுபவர், தைப்பவர், காஜா எடுப்பவர், பொத்தான் விற்பவர், இஸ்திரி போடுபவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பர். ஒருவர் கையில் பிழை நேர்ந்தால் அடுத்தவர் கண் அதைக் கண்டுவிடும். ஒருவருக்குத் தெரியாததை எதிர்த்தூணில் இருப்பவரிடம் கேட்டுவிடலாம். அளவுச் சட்டையின் நேர்த்தி தனி ஒருவர் விரலில் மட்டும் இல்லை. அந்த நெருக்கத்திலும் இருக்கிறது. புதிதாய் வரும் பையன் கற்பதும் அந்த நெருக்கத்திலிருந்தே.

ஆயத்த ஆடை

1831-இல் பாரிசில் திமோனியே என்பவர் தம் தையல் எந்திரங்களைக் கொண்டு படைவீரர் சீருடை தைத்தபோது, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் உள்ளே புகுந்து அவற்றை உடைத்தெறிந்தனர். ஆயினும் எந்திரம் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் 1846-இல் எலியாஸ் ஹோவும், 1851-இல் ஐசக் சிங்கரும் காப்புரிமை பெற்றனர். அடுத்து வந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) இலட்சக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை தேவைப்பட்டது. அவர்களின் அளவுகளைத் தொகுத்தபோது, மனித உடல்களைச் சில அளவு வகைகளுக்குள் அடக்கலாம் என்பது புலனாயிற்று. இன்று நாம் கடையில் கேட்கும் 38, 40, 42 என்பனவற்றுக்கு அதுவே வித்து.

தையற்காரர் அஞ்சிய எந்திரமே பின்னர் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் ஆயத்த ஆடை அவரது வாடிக்கையாளரைக் கொண்டு சென்றது. இதில் குற்றம் காண்பதற்கில்லை. குறைந்த விலையில் கோடிக்கணக்கானோர் நல்ல துணி உடுத்துவது ஆயத்த ஆடையால்தான். இதை எழுதும் நான் கல்லூரிக்கு அணிந்து வருவதும் பெரும்பாலும் அதையே.

மதுரையிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம்

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. நான் அப்போது பள்ளிச் சிறுமி. வளவிலிருந்த எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். கல்லும் எரியுமா என்று நான் கேட்டதும், அப்பா பதில் சொல்லாமல் புகையையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவில் உள்ளன. அந்த மண்டபத்துக் கடைகளோடு பழமையான கற்களும் வெந்து சிதைந்தன. அதன்பின், பழமையான மண்டபங்களில் கடைகள் இருக்கலாகாது என்ற கருத்து வலுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் புதுமண்டபத்துக் கடைகள், குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் எழுந்த புதிய வளாகத்துக்கு மாற்றப்பட்டன.

வரலாறு பயிலும் மாணவி என்ற முறையில் இதை நான் வரவேற்கவே வேண்டும். நாயக்கர் காலச் சிலைகளின்மேல் ஆணி அடித்துத் துணி தொங்கவிடுவது முறையன்று. துணியும் மின்கம்பியும் நெருங்கிய இடத்தில் ஒரு பொறி போதும். ஆனால் தையற்காரர் மகள் என்ற முறையில் இன்னொன்றும் தெரியும். கடையைப் பெயர்த்து வைக்கலாம். யார் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதை அப்படியே பெயர்த்து வைப்பது கடினம்.

எங்கள் குடும்பம் அந்த இடமாற்றத்துக்கு முன்னரே பிரிந்தது. தீ விபத்துக்குப்பின் இனி என்ன ஆகுமோ என்ற கலக்கம் அப்பாவுக்கு. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த அத்தை, "இங்க சானடோரியத்துல நிறைய தையல் கம்பெனி இருக்கு, வந்துடுங்கண்ணே" என்றார். தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தைத்தான் அவர் சொன்னார். நாங்கள் வந்துவிட்டோம். பெரியப்பா மதுரையிலேயே இருந்து, பின்னர் புதிய வளாகத்துக்குப் போனார். அடுத்தடுத்த தூணில் இருந்த அண்ணன் தம்பிக்கு இடையே இப்போது 450 கிலோமீட்டர்.

அப்பா ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு ஒரு சட்டையைப் பல பத்து வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையே தருவர். அப்பாவுக்குக் காலர் இணைப்பது. நாள் முழுதும் காலர். அவர் அவ்விடத்தைக் குறை சொன்னதே இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, நல்ல வெளிச்சம். புதுமண்டபத்தில் இவை ஏது? ஒரே ஒருமுறை மட்டும், "இன்னைக்கு நானூறு காலர் தாயி. ஒரு கழுத்தக்கூடப் பார்க்கல" என்றார்.

2020-இல் ஊரடங்கு வந்தது, வேலை நின்றது. வீட்டு முன்னறையில் பழைய எந்திரத்தை எண்ணெயிட்டு எடுத்து வைத்து, வெட்டுத்துணியில் முகக்கவசம் தைத்தார். அதை வாங்க வந்தவர்கள் வழியே எங்கள் தெருவில் ஒரு டெய்லர் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்தது. அதுமுதல் அவர் வீட்டிலேயே தைக்கிறார். வருவதில் பெரும்பகுதி ஆல்டரேஷன்: பேண்ட் உயரம் குறைக்க, சட்டையின் பக்கம் பிடிக்க, ஜிப் மாற்ற. அளவு கொடுத்துத் தைக்க வருவோர் குறைவு.

ஒரு தோள் தாழ்ந்த மனிதர்

சென்ற ஆண்டு ஒரு நாள் பெரியவர் ஒருவர் வந்தார். மார்க்கெட்டில் நாற்பது ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். வலத்தோள் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. மகளின் திருமணத்துக்குச் சட்டை வேண்டும்.

"மூணு கடையில போட்டுப் பார்த்தேன் தம்பி. ஒண்ணும் சேரல. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நிக்குது" என்றார்.

"சட்டையிலயும் குத்தமில்ல, உங்க தோள்லயும் குத்தமில்லண்ணே. ரெண்டுக்கும் அறிமுகம் இல்ல, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

பொதுவாகத் துணியை இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் ஒரே வெட்டில் வெட்டுவது வழக்கம். அப்பா அன்று மடிக்கவில்லை. இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் ஒரு தாள் என்று தனித்தனியாக வரைந்தார். வலத்தோளின் சரிவை முக்கால் அங்குலம் இறக்கினார். அதே அளவுக்குக் கைக்குழியையும் இறக்கினார். முதலில் ஓட்டுத் தையல் போட்டு, பெரியவரை வரவழைத்து அணிவித்துப் பார்த்து, மீண்டும் கால் அங்குலம் திருத்தினார். அதன்பிறகே எந்திரம்.

சட்டையை வாங்க வந்த அன்று, எங்கள் பீரோக் கண்ணாடியின்முன் நின்ற பெரியவர் தோளைப் பார்க்கவில்லை. பொத்தான் வரிசையை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். "நேரா நிக்குது தம்பி" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. நான் அறை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்போரிடம் பேச்சை மாற்றும் பழக்கம் அன்றோடு போயிற்று.

கோடிக்கணக்கான உடல்களுக்குப் பொருந்துவதே ஆயத்த ஆடையின் சிறப்பு. அந்தக் கணக்குக்குள் அடங்காத உடல் எப்போதும் இருக்கும். உழைப்பால் கோணிய தோள், இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கால், முதுமையால் வளைந்த முதுகு ஆகியவற்றுக்கு 38, 40, 42 என்று எண் கிடையாது. அவர்களும் நேரான பொத்தான் வரிசையோடு மணப்பந்தலில் நிற்க வேண்டுமானால், அளவெடுக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்குள் வேண்டும்.

செய்யத் தக்கவை

சாவில் ரோவிலும் வாடகை உயர்ந்தது, பெருங்கடைகள் நுழைந்தன. அங்குள்ள தையல் நிறுவனங்கள் 2004-இல் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தரத்தை வரையறுத்து, இளைஞரைப் பயிற்சியாளராக எடுக்கத் தொடங்கின. தெருவைக் காப்பது என்றால் கட்டடத்தைக் காப்பது மட்டுமன்று. அடுத்த காஜா பையனைக் காப்பதும் ஆகும் என்று அவர்கள் உணர்ந்தனர்.

நமக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் பயிற்சி உண்டு. நாம் பள்ளியில் அணிந்த விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள் தைக்கின்றனர். இந்த அமைப்புகளோடு, புதுமண்டபத்துப் பெரியவர்களைப் போன்ற அனுபவசாலிகளைச் சேர்த்துவிட்டால், கத்தரி பிடிக்கும் கலை அவர்களோடு முடிந்துபோகாது. ஒரு தொழிலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவோர், நல்ல தையற்காரரைப் போலச் சிறிது துணியை உள்ளே விட்டு மாற்ற வேண்டும். பின்னால் விரித்துக்கொள்ள அது உதவும்.

நான் கற்றுக்கொள்கிறேன் என்றபோது அப்பா முதலில் இசையவில்லை. "நீ படிக்கணும்னுதான தாயி நான் ஊசி பிடிச்சேன்" என்றார். படித்துக்கொண்டே பிடிக்கிறேன் என்றேன். புதுமண்டபத்தில் பெண்கள் கத்தரி பிடித்து நான் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு வெறுந்தாளில் கோடு போட்டு, நூல் கோக்காத எந்திரத்தின்மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்விட்டார்.

இப்போது நான் காஜா எடுக்கிறேன். பத்தில் மூன்றைப் பிரிக்கச் சொல்கிறார், முன்பு ஏழு. மதுரைக்குச் செல்லும் நண்பர்கள் புதுமண்டபத்துத் தூண்களைக் கண்ணாரக் காணுங்கள். நானூறு ஆண்டுக் கலை அது. அப்படியே குன்னத்தூர் சத்திரத்துக்கும் சென்று, யாரேனும் ஒரு தையற்காரரிடம் ஒரு சட்டைக்கு அளவு கொடுத்து வாருங்கள். அவர் நாடாவை எடுக்காமல் முதலில் ஊரை விசாரித்தால், சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று அறிக.